பதினான்காவது நாற்காலி

பிற்பகல் மூன்று இருபதுக்கு நர்ஸ் எங்கள் அறைக்குள் வந்தாள். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. ஆறு மணிக்குள் தன்னை மறுபடியும் மனுஷியாக்க முடியுமா என்று கேட்டாள்.

"அழகு நிலையம் கீழ் மாடிம்மா," என்றேன்.

அண்ணி என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணி பத்து வருடம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவர். இப்போது அதையே சொந்தமாகச் செய்கிறார். நான் அவருடைய நாத்தனார். ஸ்கூட்டர் ஓட்டுவதும், கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்பதும் என் பொறுப்பு. இரண்டாவதற்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை.

நர்ஸ் ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டே சொன்னாள். வளையத்தைப் பற்றி எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அது எங்கள் வீட்டுக்குள் வந்து, சாப்பாடு போட்டு, வெளியேறிப்போன ஒன்று. ஆனாலும் அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். பதற்றத்தில் இருப்பவர்கள் நடுவிலிருந்து தொடங்குவதில்லை.

வளையத்துக்கு முதலாளி கிடையாது, அலுவலகம் கிடையாது. பல்லாயிரம் பேருடைய கருவிகள் சேர்ந்து அதைத் தாங்குகின்றன. அடுத்தவர் வீட்டுக்குள் போய் வேலை செய்கிற எல்லோருக்கும் அதில் ஒரு முத்திரை இருக்கும். ஓர் எண், அந்த எண்ணைப் பற்றி இதுவரை வேலை கொடுத்தவர்கள் சொன்ன நல்ல வார்த்தைகள். அவ்வளவுதான். ஆனால் அது இல்லாமல் எந்த வாசலும் திறக்காது. பூட்டுகளே முத்திரையைப் பார்த்துத்தான் திறக்கின்றன.

ஓர் ஆளுக்கு ஒரு முத்திரை. ஆள் நிஜமா, வெறும் எண்ணா என்பதை வளையம் எப்படித் தெரிந்துகொள்ளும்? அதற்குக் கண் இல்லை. அதனால் வருடத்துக்கு ஒரு காலை, எல்லா வட்டாரத்திலும் ஒரே நேரத்தில் முத்திரைக்காரர்கள் ஓர் அறையில் கூடுகிறார்கள். பத்து மணிக்குக் கதவு மூடும். ஓர் உடம்பு இரண்டு அறையில் உட்கார முடியாது. உள்ளே இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, இது ஆள்தான் என்று சொல்வார்கள். வெளியே இருப்பவர் ஆள் இல்லை. அன்று மாலை ஆறு மணிக்கு அவருடைய நாற்காலி, காத்திருப்போர் வரிசையில் முதலில் நிற்பவருக்குப் போய்விடும்.

இன்று காலை நர்ஸ் வெளியே இருந்தாள்.

அவளுடைய வட்டாரக் கூட்டம் ஒரு டிரைவிங் பள்ளியின் மாடியில். அங்கே பதினான்கு நாற்காலி. அவள் மாடியேறியபோது பத்தாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது என்றாள். கதவு மூடியிருந்தது. தட்டினாள். கூட்டத்தை நடத்தும் டிரைவிங் மாஸ்டர் கதவை ஒரு விரற்கடை திறந்து, நேரம் தாண்டிவிட்டது என்றார். அவள் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினாள். அவர் உள்ளே சுவரைக் காட்டினார். சுவர்க் கடிகாரத்தில் பத்து தாண்டியிருந்தது.

உள்ளே உட்கார்ந்தவர்களில் இரண்டு பேர், கதவு சீக்கிரம் மூடப்பட்டது என்று வளையத்துக்குச் சொன்னால் போதும். நான்கு பேருக்குப் போன் செய்திருக்கிறாள். நான்கு பேரும் பத்து மணிக்குத்தான் மூடினார்கள், நாங்களே சுவரில் பார்த்தோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"முத்திரை போனா மறுபடி வரிசையில நிக்கலாமே," என்றேன்.

"வருஷக்கணக்காகும். அது பரவாயில்ல." முதல்முறையாக நடையை நிறுத்தினாள். "ஒரு வாத்தியார் படுத்த படுக்கையா இருக்கார். ஏழு மணிக்கு நான்தான் போய்ப் புரட்டிப் போட்டுச் சோறு ஊட்டணும். மகன் வெளிநாட்டுல. அந்த வீட்டுப் பூட்டுக்கு என் முத்திரையை மட்டும்தான் தெரியும். ஆறு மணிக்கு அப்புறம் தெரியாது. நான் கதவுக்கு வெளிய நிப்பேன். என் செருப்புச் சத்தம் கேட்டு அவர் உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கிட்டே இருப்பார்."

மகனுக்குச் சொல்லலாமே என்று அண்ணி கேட்டார். முத்திரை போனவளை மகனே உள்ளே விடமாட்டான் என்றாள். வளையம் ஆள் இல்லை என்று சொன்ன ஒருத்தியை அவளும் தன் வீட்டுக்குள் விடமாட்டாளாம்.

படியிறங்கும்போது அண்ணியிடம் கேட்டேன். "சினிமா தியேட்டர்ல சீட் இல்லன்னா புரியுது. கம்ப்யூட்டர்ல எப்படி அண்ணி சீட் இல்லாம போகும்? ஒரு எண் பக்கத்துல இன்னொரு எண் எழுத எவ்வளவு இடம் வேணும்?"

"உட்கார்ந்திருக்கறவங்க காலை நீட்டிக்கிட்டா இடம் இருக்காது."

அவருக்கு இது தெரியும். என் அண்ணன், அதாவது அவருடைய கணவர், மருந்து வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் அதே மாடி அறையில் இருந்த பதினேழு நாற்காலியைப் பதினான்காகக் குறைத்தார்கள். ஆள் குறைந்தால் கூலி ஏறும் என்று உள்ளே இருந்தவர்களே கை தூக்கி எடுத்த முடிவு. நல்ல வார்த்தை குறைவாக இருந்த மூன்று பேர் வெளியே போனார்கள். வேன் ஓட்டுபவரை யார் உட்கார்ந்து பாராட்டுவார்கள்? அன்றிலிருந்து அண்ணன் வீட்டில் இருக்கிறார். வரிசையைப் பற்றி நாங்கள் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

வெயில் சாயவே இல்லை. அண்ணி பின்னால் உட்கார்ந்து என் தோளில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். அவருக்கு அவசரம் என்றால் என் தோளுக்குத்தான் முதலில் தெரியும். டிரைவிங் பள்ளி இருந்த தெரு வழவழவென்று இருந்தது. ஊரில் தோண்டிப் போடாத தெரு இது ஒன்றுதான் போலிருக்கிறது என்று சொன்னேன். தாளம் நிற்கவில்லை.

மாஸ்டர் எங்களைப் பார்த்து எழுந்தார். என் கல்யாணத்துக்கும் வந்தவர், விவாகரத்துக்கும் வந்தவர். அண்ணனுடைய பழைய சிநேகிதர். அறையில் சாலைக் குறியீட்டுப் படங்கள் மாட்டியிருந்தன. நடுவில் நாற்காலிகள் இன்னும் வட்டமாகக் கிடந்தன. கதவருகே ஒரு பிளாஸ்டிக் கூடை. உள்ளே வருபவர்கள் போன், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் அதில் போட வேண்டும். யாரும் வெளியாளுடன் பேசக் கூடாது என்பதற்காக.

நர்ஸ் நல்ல பெண், பாவம், ஆனால் தாமதமாக வந்தாள் என்றார். விதி விதிதான் என்றார். வருத்தப்பட்டார். அந்த வருத்தம் நடிப்பில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

அண்ணி வாதாடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தன் போனைப் பார்த்தார். கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது யார் என்று மட்டும் கேட்டார். வீடு வீடாகப் போய் அளவெடுக்கும் தையல்காரம்மா என்றார் மாஸ்டர்.

கீழே வந்ததும், "சுவர்ல மணி என்ன?" என்றார் அண்ணி.

"நாலு அஞ்சு."

"உன் போன்ல?"

"நாலு அஞ்சு. இதுல என்ன இருக்கு? சரியான கடிகாரம்."

"நம்ம வீட்டுக் கடிகாரம்?"

"பின்னாடி. உங்க வீட்டுக்காரர் சரி பண்றேன்னு சொல்லிக்கிட்டே இருக்கார். என் கல்யாணமே அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

"ஆபீஸ்ல?"

"முன்னாடி. வண்டியை எடுக்கட்டுமா?"

"சுவர்ல தொங்கற எந்தக் கடிகாரமாவது போனோட நிமிஷம் பிசகாம ஒத்துப்போய்ப் பார்த்திருக்கியா?"

யோசித்தேன். பார்த்ததில்லை.

"இன்னிக்கு யாரோ அதுல கை வெச்சிருக்காங்க," என்றார்.

அது சாட்சி ஆகாது என்பது எனக்கும் தெரியும். சரியாக ஓடுகிறது என்பதற்காக ஒரு கடிகாரத்தின் மேல் புகார் கொடுக்க முடியாது.

தையல்காரம்மாவின் கடை பஸ் போகிற தூரத்தில். வழியில் இரண்டு சிக்னலில் நின்றோம். இரண்டாவதில் அண்ணி இறங்கி நடந்தே போய்விடுவாரோ என்று பயந்தேன்.

தையல்காரம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு பேசினாள். கதவு பத்துக்குத்தான் மூடியது, சத்தியம் செய்யவும் தயார் என்றாள். அண்ணி அதை விட்டுவிட்டார். காலையில் வீட்டிலிருந்து கிளம்பியது முதல் கடை திறந்தது வரை சொல்லச் சொன்னார். சாதாரணமாக, ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவரைப் போல.

அவள் சொன்னாள். சீக்கிரமே கிளம்பியிருக்கிறாள். முந்தின நாள் மாஸ்டரிடமிருந்து சேதி வந்திருந்தது: பள்ளித் தெருவைத் தோண்டியிருக்கிறார்கள், முன்கூட்டியே வந்துவிடுங்கள் என்று. அவ்வளவு முன்னால் கிளம்பியும், மாடிக்குப் போனபோது சுவர்க் கடிகாரத்தில் பத்தாகச் சில நிமிடமே பாக்கி. அவசர அவசரமாகப் போனைக் கூடையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கூட்டம் வழக்கம்போல ஒரு மணி நேரம். அது முடிந்து பதினொரு மணி பஸ்ஸை ஒருநாளும் பிடிக்க முடிந்ததில்லை. அடுத்ததற்குத்தான் நிற்க வேண்டும். இன்று போனால், அந்தப் பதினொரு மணி பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் டீ குடித்து முடித்து, பாட்டுக் கேட்டு, அப்புறம்தான் எடுத்தார்.

"பஸ் லேட்டா இருந்திருக்கும்," என்றேன்.

"அந்த பஸ் அங்கேயிருந்துதான் கிளம்புது. அந்த டிரைவர் பெத்த அம்மா ஓடி வந்தாலும் நிறுத்தமாட்டார்." ஊசிகளுக்கு நடுவே சிரித்தாள். "எனக்கு இன்னிக்கு நல்ல நாள் போல."

"போன் கைக்கு வந்ததும் மணி பார்க்கலையா?"

"பஸ்ஸைப் பார்த்துட்டேன். அப்புறம் எதுக்கு மணி?"

அண்ணி கடையின் குறுகலான நடையில் ஒரு தரம் போய் வந்தார்.

"போகும்போது உங்க நேரம் ஓடியிருக்கு. வரும்போது நின்னிருக்கு," என்றார். "நடுவுல நீங்க பார்த்தது அந்த ஒரு கடிகாரம்தான். அது வேகமா இருந்திருக்கு."

தையல்காரம்மா கத்தரியைக் கீழே வைத்தாள்.

கூட்டம் தாமதமாக முடிந்திருந்தால் பன்னிரண்டு பேரும் மணி பார்த்திருப்பார்கள். சீக்கிரம் முடிந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டவர் மாஸ்டர்.

நான் நர்ஸுக்குப் போன் போட்டேன். தெருவைத் தோண்டியிருப்பதாக அவளுக்கு எந்தச் சேதியும் வரவில்லை. தையல்காரம்மாவின் போனில் அந்தச் சேதி பன்னிரண்டு பேருக்குப் போயிருந்தது. பதினான்கில் மாஸ்டரைக் கழித்தால் பதின்மூன்று. மீதி ஒன்று, வாத்தியாரைக் குளிப்பாட்டிவிட்டு எப்போதும் கடைசி நிமிடத்தில் ஓடி வருகிறவள்.

இவ்வளவுக்குப் பிறகும் தையல்காரம்மா தயங்கினாள். மாஸ்டர் நல்ல மனுஷன் என்றாள். அவர் மனசு வைத்துத்தான் தனக்கு நாற்காலி கிடைத்தது என்றாள். பெரிய இடத்துச் சண்டையில் தான் எதற்கு என்றாள்.

"அடுத்த வருஷமும் இந்தச் சேதி பன்னிரண்டு பேருக்கு மட்டும் போகலாம்," என்றார் அண்ணி. "விட்டுப்போன ஆளு நீங்களா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துத் துணியில் குத்தினாள். போனை எடுத்தாள். வளையத்துக்கு ஒரு சாட்சி போனது. இன்னொன்று வேண்டும்.

மற்ற பதினோரு பேரும் ஊர் முழுக்கச் சிதறி வேலையில் இருந்தார்கள். போனில் ஒருவர் அதட்டினார், ஒருவர் எடுக்கவே இல்லை, ஒருவர் மரத்தின் மேல் இருந்தார். கிளை வெட்டுபவர். இறங்கிவந்து பேசுவதாகச் சொன்னார், இறங்கவில்லை. ஆறு மணிக்கு முன்னால் கையில் கிடைக்கக் கூடிய சாட்சி ஒருவர்தான். குற்றம் செய்தவர்.

"குற்றவாளிகிட்டயே போய்ச் சாட்சி கேக்கற துப்பறியும் நிபுணர் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்," என்றேன்.

"வேகமா போ."

போனேன். எல்லா சிக்னலும் சிவப்பாக இருந்தது. நர்ஸை டிரைவிங் பள்ளி வாசலுக்கு வரச் சொல்லியிருந்தோம். அவள் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள். அவளைக் கீழேயே விட்டுவிட்டு ஏறினோம்.

மாஸ்டர் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார். அண்ணி பஸ்ஸைச் சொன்னார். தோண்டாத தெருவைச் சொன்னார். மாஸ்டர் மறுக்கவில்லை. கையிலிருந்த நாற்காலியை மறுபடி விரித்து அதிலேயே உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல, தங்கச்சி."

"தெரியும். யாருக்காகச் செஞ்சீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "வரிசையில முதல் ஆள் யாருன்னு கூட்டம் நடத்தறவனுக்கு மட்டும்தான் தெரியும். உனக்குத் தெரிய வேண்டாம்மா. விட்டுடு."

"சொல்லுங்க."

"உன் வீட்டுக்காரன்."

தெருவில் யாரோ புதிதாகக் கற்றுக்கொள்பவர் கியரை மாற்றத் தெரியாமல் மாற்றினார். வண்டி அலறியது.

மாஸ்டர் மெதுவாகச் சொன்னார். பதினேழைப் பதினான்காக்கியபோது அவரும் கை தூக்கினார். கூலி ஏறும் என்றார்கள், ஏறியது. மூன்று பேர் போவார்கள் என்று தெரியும், யார் யார் என்று தெரியாது. முடிவு வந்தபோது சிநேகிதன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எழுந்து, நாற்காலியை ஒழுங்காக மடக்கி வைத்துவிட்டு, வரேன் மாஸ்டர் என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பரவாயில்லையாம்.

"அவருக்குத் தெரியுமா?" என்றார் அண்ணி.

"கடிகார விஷயம் தெரியாது. இன்னிக்கு ஆறு மணிக்கு போனைக் கையில வெச்சுக்கோன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

மூலையில் மூன்று நாற்காலிகள் தூசி படிந்து சாத்தி வைக்கப்பட்டிருந்தன. நான் போய் ஒன்றை இழுத்து வந்து வட்டத்தில் போட்டேன்.

"பதினஞ்சு. இப்ப யாரும் வெளிய போக வேண்டாம்."

"போடலாம்," என்றார் மாஸ்டர். "எல்லாரும் கை தூக்கணும்."

"தூக்கமாட்டாங்களா?"

"நாற்காலியைக் கூட்ட இதுவரை நானே தூக்கலையே."

அவர் போனை எடுத்து எங்களுக்கு நடுவில் இருந்த நாற்காலியில் வைத்தார். "நான் சாட்சி போட்டா கீழ நிக்கற பொண்ணு உள்ள. போடலன்னா உன் வீட்டுக்காரன் உள்ள. என்னை விட்டா நான் போடமாட்டேன். நீ சொல்லு, தங்கச்சி. போட்டுடறேன்."

அண்ணி ஜன்னலுக்குப் போனார். கீழே நர்ஸ் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள். அன்று முழுக்க அசைந்துகொண்டே இருந்த அண்ணி அந்த ஜன்னலில் அசையாமல் நின்றார். சுவர்க் கடிகாரம் ஆறை நெருங்கிக்கொண்டிருந்தது. இப்போது அது சரியாக ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். வேண்டாம் அண்ணி என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் அண்ணன் அவர். குளித்துவிட்டு வந்து எங்கே போவது என்று தெரியாமல் கூடத்தில் நிற்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் என் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. வாயாடி என்று பெயரெடுத்தவள் நான்.

"போடுங்க," என்றார் அண்ணி.

"வீட்டுக்குப் போய் யோசிச்சா..."

"ஏழு மணிக்கு ஒருத்தருக்குச் சோறு ஊட்டணும். போடுங்க."

மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கதவைச் சீக்கிரம் மூடியது தான்தான் என்று தன் விரலாலேயே எழுதினார். இனிமேல் அவர் கூட்டம் நடத்த முடியாது. அவருடைய முத்திரையும் மிஞ்சுமா என்பது சந்தேகம். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

நாங்கள் இறங்கியபோது நர்ஸ் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் மணியைப் பார்த்தாள், ஓடினாள். தெருமுனையில் ஓர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி ஏறிப்போனாள்.

ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன். கையிலேயே இருந்தது. அப்போது அண்ணியின் போன் அடித்தது. அவர் பெயரைப் பார்த்தார். எடுக்காமல் விடுவார் என்று நினைத்தேன். எடுத்தார். அண்ணனுக்குப் போனில் கத்தித்தான் பேசத் தெரியும், எனக்கும் கேட்டது.

வேலை முடிந்ததா, சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார். இன்று ஆறு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொள் என்று மாஸ்டர் சொன்னதிலேயே தன் முறை வந்துவிட்டது என்று புரிந்துகொண்டாராம். சவரம் செய்துகொண்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். திடீரென்று சொல்லலாம் என்றுதான் எங்களிடம் மூச்சு விடவில்லையாம். ஆறு தாண்டிவிட்டது. ஒன்றும் வரவில்லை.

அண்ணி ஒரு கையால் ஸ்கூட்டரின் இருக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர் சும்மா சொல்ற ஆளு இல்லையே," என்றார் அண்ணன். "யாரோ நடுவுல புகுந்து கெடுத்திருக்காங்க. ஊருக்கெல்லாம் கண்டுபிடிச்சுக் குடுக்கறியே, அது யாருன்னு எனக்கு ஒண்ணு கண்டுபிடிச்சுச் சொல்றியா?"